ஜரீனா அக்காவின் ஒன்பதாவது கம்பம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நோட்டையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஜரீனா அக்கா கடைக்கு ஓடினேன். முந்தின நாள் மாலையில் நல்ல மழை. மழைக்கு மறுநாள் கடை விளக்கருகே தொங்கும் எண்ணெய்த் தாளில் என்னென்ன பூச்சிகள் ஒட்டியிருக்குமோ என்ற ஆசையில் எனக்கு நடக்க வராது. கடையின் ஷட்டர் மூடியிருந்தது. ஏழு மணிக்கு அந்த ஷட்டர் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்து டீக்கடைச் செல்வண்ணன் அடுப்பு பற்றவைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, இங்க வா. பேப்பரு அப்பறம் எண்ணிக்கலாம்" என்றார். பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். "அக்கா போயிட்டாங்க சாமி. விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்களாமா. ஆஸ்பத்திரிக்குப் போறக்குள்ள முடிஞ்சு போச்சு."

எனக்கு உடனே அழுகை வரவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் தாளைக் கழற்றி எண்ணத் தொடங்கினேன். பாதியில் எழுத்து மங்கியது. அந்தப் பக்கத்தில் ஒரு எண் அரைகுறையாக நிற்கிறது. அதை நான் திருத்தப் போவதில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஓடையோரத்து வீடுகளில் இருக்கும் நம் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். தன் அத்தா, அதாவது அப்பா, நடத்திய எலக்ட்ரிக் கடையை அக்காவே எடுத்து நடத்தினார். ஃபேனுக்குக் காயில் கட்டுவார், ஏணி போட்டு ஏறி லைட் மாட்டுவார். "பொம்பளை ஏறுறாங்களே" என்று யாராவது நின்று பார்த்தால், "சும்மா நிக்கிறதுக்கு ஏணியப் புடிங்க" என்பார். நாற்பத்து மூன்று வயதுதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊர் கட்டடமாக மாறும்போது பூச்சிகள் என்ன செய்கின்றன என்று இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் வேவு பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் ஒரு பிளக் பாயின்ட்டில் தொடங்கியது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கான பிளக் ஓட்டைகளில் மண் அடைத்திருந்தது. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வெளி மாநிலத்தில் இருந்தார். அம்மா தெரு எலக்ட்ரீசியனை வைத்து அதைக் கழற்றி என் கையில் கொடுத்தனுப்பினார். அக்கா திருப்புளியால் அதைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன மண் அறைகள். ஒன்றை உடைத்ததும் பச்சைப் புழுக்கள் கொட்டின. ஒன்று மெல்ல நெளிந்தது.

நான் கத்தியே விட்டேன். "அக்கா, உசுரோட இருக்குங்க்கா! குளவி இதக் கொல்லல, கொட்டி மயக்கம்தான் போட்டு வச்சிருக்கு! அதோட குஞ்சு பொரிச்சு வந்து சாப்பிடறதுக்கு!"

அக்கா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ உங்க வீட்டு பிளக்கு அதுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி, ஃப்ரிட்ஜ் ரெண்டும் ஒண்ணா? வாடகை வாங்குனீங்களாடி?"

சிரித்து முடித்தபின் அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துப் போட்டது. இந்தப் பக்கம் முள்வேலியும் மூங்கிலும் இருந்த காலத்தில் இப்படி மண் அடைத்த பிளக் எப்போதாவதுதான் வருமாம். பிளாட் போட்டு வேலியை எடுத்தபின் அடிக்கடி வருகிறதாம். "இத்தன நாளா இதக் குப்பைலல்ல கொட்டிட்டு இருந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மூங்கில் துளைக்குப் பதிலாகக் குளவி நம் சுவரில் துளை கண்டுபிடித்துவிட்டது! அன்றைக்கே ஒரு ஸ்வீட் பெட்டியைக் காலி செய்து, இனி வரும் குளவி மண்ணையெல்லாம் எந்த வீடு என்று சீட்டு எழுதிப் போட்டுவைப்பதாகச் சொன்னார். என் பெயரையும் அன்றைக்கே மாற்றிவிட்டார். அதன்பின் நான் அவருக்குப் பூச்சி. "ஏய் பூச்சி, இன்னிக்கு ரெண்டு பிளக்கு வந்திருக்கு" என்று ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். கூட வரும் தோழிகள் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் ஓடுவேன்.

அடுத்த மழைக்காலத்தில் மலைப்பாதைக்குப் போகும் பெரிய ரோட்டில் பழைய மஞ்சள் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்குகள் போட்டார்கள். ஒரே வாரத்தில் அந்தக் கம்பங்களைச் சுற்றி ஒரு புது ஊரே உருவானதை நானும் அக்காவும் பார்த்தோம். கம்பத்துக்கு ஒரு பல்லி என்று பங்கு பிரித்துக்கொண்டன. சிலந்திகள் விளக்கின் வாயிலேயே வலை கட்டின. பஸ் ஸ்டாப் கம்பத்தடியில் ஒரு தேரை தினமும் சாயங்காலம் வந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் ரோட்டைப் பார்த்து உட்காரும். விளக்கு அணைப்பதற்கு முன்பே, விடியும் நேரத்தில் இரட்டைவால் குருவி கம்பியில் வந்து உட்கார்ந்து மிச்சமிருக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பறவை சூரியனுக்குக் காத்திருக்காமல் விளக்குக்கு வேலைக்கு வருகிறது என்று நான் மூச்சு வாங்கச் சொன்னபோது, "ஷிஃப்ட் மாத்திருச்சு போல" என்றார் அக்கா.

வெள்ளை விளக்குக்குத்தான் பூச்சி அதிகம் வருகிறதா என்று எண்ணிப் பார்க்க ஆசை வந்தது. பறப்பதை எப்படி எண்ணுவது? வழி அக்காவிடமே இருந்தது. மழைக்காலத்தில் நாம் எல்லோரும் செய்வதுதான். டியூப் லைட் பக்கத்தில் எண்ணெய் தடவிய தாளைத் தொங்கவிடுவோமே, பூச்சி சாப்பாட்டில் விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று. கடை வாசலில் இடது பக்கம் ஒரு வெள்ளை பல்பு, வலது பக்கம் டீக்கடையை ஒட்டி ஒரு மஞ்சள் பல்பு. இரண்டுக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே விளக்கெண்ணெய். கடை சாத்தும்வரை எரியும். காலையில் நான் வந்து எண்ணுவேன்.

அக்காவுக்கு நான் ஒரு விதி போட்டேன். "பாத்தத மட்டும் எழுதணுங்க்கா. ஆசப்பட்டத எழுதக்கூடாது." அவர் அதை பில் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி, கீழே "பூச்சியின் கட்டளை" என்று போட்டுக்கொண்டார்.

முடிவுகள் என்னைத் துள்ள வைத்தன. வெள்ளை பல்புத் தாளை எண்ணி முடிப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். மஞ்சள் பல்புத் தாளை செல்வண்ணனின் டீ ஆறுவதற்குள் எண்ணிவிடலாம். நாளாக ஆக மஞ்சள் தாள் கிட்டத்தட்டக் காலியாகவே இருந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான் ஓடை ரோட்டுக்கு விளக்கு போடும் பேச்சு வந்தது. நம் ஓடைப் புதரில் மழைக்குப் பின் மின்மினிகள் வருவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பெரிய ரோட்டோரத்திலும் முன்பு உண்டு என்று அக்கா சொல்வார். வெள்ளை விளக்கு வந்தபின் அங்கே ஒன்றும் இல்லை. மின்மினி தன் ஜோடியைக் கூப்பிடுவதே அந்த ஒளியால்தான். சுற்றிலும் பகலாக இருந்தால் அந்தக் கூப்பாடு யாருக்குத் தெரியும்? ஓடை ரோட்டில் ஒன்பது கம்பங்கள். ஒன்பதிலும் பெரிய வெள்ளை விளக்கு என்று நம் குடியிருப்போர் சங்கம் முடிவு செய்து, வேலையை அக்காவிடமே கொடுத்தது. இந்தப் பக்கத்தில் மின்மினிகளுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஓடைதான்.

அக்கா என்னையும் எண்ணெய்த் தாள்களையும் கூட்டிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கு வந்தார். செயலாளர் வேலுச்சாமி ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஏனுங் ஜரீனா, பூச்சிக்காவ எங்கூட்டுப் பொம்பளைங்க இருட்டுல நடக்கோணுமுங்களா?" என்று கேட்டார்.

"நானும் கடையச் சாத்திட்டு அந்த வழியாத்தான் சார் போறேன். இருட்டு எனக்கும் புடிக்காது. ரோட்டுக்கு லைட்டு விழட்டும். ஓடைக்கு எதுக்கு? மின்மினி என்ன பரீட்சைக்கா படிக்கப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவின் மனைவி சரோஜாம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பாம்பு கீம்பு வந்துதுன்னா யாரு பதில் சொல்றதுங்க?" என்றார். அது நியாயமான பயம் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். நான் எழுந்து நின்று, மஞ்சள் விளக்குக்குப் பூச்சியே வருவதில்லை என்று தாள்களைக் காட்டிப் பெரிதாக முழங்கினேன். சங்கம் யோசிக்கிறேன் என்றது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் குதித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மஞ்சள் பல்புத் தாளின் விளிம்பில் ஒரு கருப்புக் கோடு நகர்வதைப் பார்த்தேன். எறும்பு. ஒரு ஈசலை நாலு எறும்புகள் தூக்கிக்கொண்டு சுவரில் இறங்கின. அந்தக் கோடு நேராக டீக்கடைக்குப் போனது. தாளை மோந்து பார்த்தேன். வாழைக்காய் பஜ்ஜி வாசனை!

"அக்கா, இது என்ன எண்ணெய்?"

அவர் முகம் மாறியது. "விளக்கெண்ணெய் தீந்து போச்சு. எதிர்க் கடைல கெடைக்கறது ஒரு தாளுக்குத்தான் வந்துச்சு. இன்னொண்ணுக்குச் செல்வம் பஜ்ஜி சுட்ட எண்ணெயக் கேட்டு வாங்கித் தடவுனேன். எண்ணெய்ன்னா எண்ணெய்தானன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "மூணு வாரமாச்சு" என்றார்.

மூன்று வாரமாக எறும்புகள் எங்கள் ஆராய்ச்சியைத் தின்றுகொண்டிருந்தன. நான் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். செல்வண்ணன் வந்து, "எம்பட எண்ணெயக் குத்தஞ் சொல்லாத சாமி. எறும்பே க்யூ கட்டி வருதுன்னா பஜ்ஜி எப்படி இருக்கோணும்?" என்று பெருமைப்பட்டார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கோபத்தில் நான் சொன்னதை இங்கே மறைக்கக் கூடாது. "யாருக்கும் சொல்ல வேண்டாங்க்கா. சங்கத்துல கேட்டா எல்லாம் கெட்டுப் போயிரும். மின்மினி போயிரும்" என்றேன்.

அக்கா பில் புத்தகத்தைத் திருப்பிப் பின் அட்டையை என் முன்னால் வைத்தார். பூச்சியின் கட்டளை. பிறகு ஷட்டரை இறக்கினார். "எந்திரி. தப்பு என்னோடது, நான் சொல்லிக்கறேன். நீ கூட நின்னா போதும்."

வேலுச்சாமி ஐயா வீட்டு வாசலில் நின்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். பஜ்ஜி எண்ணெய், எறும்பு, மூன்று வாரம். மறுபடி எண்ணிவிட்டு வருகிறோம் என்றார். ஐயா முதலில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின், "தப்புப் பண்ணிப்போட்டுத் தானா வந்து சொல்றவிங்கள எங்கீங்க பாக்க முடியுது? எண்ணிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

மறுபடி எண்ணினோம். இந்த முறை ஆத்தூரிலிருந்து ஒரு பெரிய பாட்டில் விளக்கெண்ணெய் வரவழைத்தார் அக்கா. மஞ்சள் தாளில் பூச்சி இருந்தது. வெள்ளைத் தாளைவிடக் குறைவுதான், தினமும் குறைவுதான், ஆனால் நாங்கள் பீற்றிக்கொண்ட அளவுக்கு இல்லை. அப்படியே போய்ச் சொன்னோம். மாசக் கடைசிவரை வெள்ளோட்டம் பார்க்கலாம் என்றது சங்கம். மஞ்சள் விளக்கு, ஓடைப் பக்கம் வெளிச்சம் போகாமல் அதன்மேல் ஒரு மூடி. ரோடு இருட்டாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கு.

மூடிக்கு அக்கா தேர்ந்தெடுத்தது செல்வண்ணனின் காலி எண்ணெய் டின். அதை நீளவாக்கில் வெட்டி, ஓடைப் பக்கம் மறைத்து ரோட்டுப் பக்கம் திறந்திருக்கும்படி வளைத்தார். மாட்டும் முன் ஒவ்வொரு டின்னையும் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினார். "எறும்பு ஏறிச்சின்னா பூச்சி என்னக் கொன்னுடும்" என்று செல்வண்ணனிடம் சொல்லிக்கொண்டே தேய்த்தார். ஒரு நாளைக்கு இரண்டு என்று எட்டுக் கம்பங்கள் முடிந்தன. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் மேலிருந்து ஒருமுறை சொன்னார்: "ஊரெல்லாம் இருட்ட வெரட்டுனதே நான்தான்டி. வித்த பல்பு கொஞ்சமா? இந்த ஒரு ஓடைக்காவது கொஞ்சம் திருப்பிக் குடுக்கறேன்."

ரோட்டு வளைவில் இருக்கும் ஒன்பதாவது கம்பத்தில் விளக்கு மாட்டியாகிவிட்டது. மூடி மட்டும் பாக்கி. திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டதால் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அந்த நாளைதான் செவ்வாய்.

மாசக் கடைசி வந்தது. சங்கத்தார் எல்லோரும் நடந்து பார்த்து முடிவு செய்வதாகப் பேச்சு. மாலை ஆறே முக்காலுக்கு நாம் எல்லோரும் ஓடை ரோட்டில் கூடினோம். அக்கா இல்லாமல் இனி யார் இதற்குப் பேசுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அப்போது அக்காவின் தம்பி யூசுஃப் அண்ணன் ஒரு டின்னோடு வந்தார். துணிக்கடையில் வேலை பார்ப்பவர், திருப்புளி பிடித்தறியாதவர். "கடை மேசைக்கு அடியில இருந்துச்சும்மா" என்றார். வெட்டி, வளைத்து, கழுவித் துடைத்த டின். மார்க்கர் பேனாவில் அக்காவின் எழுத்து: "9. வளைவு. பூச்சியிடம் காட்டிவிட்டு மாட்டவும்."

நடந்தோம். முதல் கம்பம், இரண்டாவது, மூன்றாவது. ரோட்டில் கல் கிடந்தால்கூடத் தெரிந்தது. ஓடைப் பக்கம் கருப்பாக இருந்தது. நாலாவது கம்பத்தருகே அந்தக் கருப்பில் ஒன்று மின்னியது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை! ஒன்று கூப்பிட, கீழே புல்லில் இருந்து இன்னொன்று பதில் சொல்வது தெளிவாகத் தெரிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன், கத்திவிடுவேனோ என்று.

ஒன்பதாவது கம்பம் வந்ததும் எல்லோர் கண்ணும் கூசியது. மூடி இல்லாத விளக்கு புதர் முழுக்க மஞ்சளாக அடித்தது. அங்கே ஒன்றுகூட இல்லை. சரோஜாம்மா கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் புதரையே பார்த்தார். திரும்பி வந்த வழியைப் பார்த்தார்.

"ஏனுங்க" என்றார் ஐயாவிடம், "அந்த டின்ன இதுக்கும் மாட்டச் சொல்லுங்க. கண்ணும் கூசுது, அதுகளையும் காணோம். ஜரீனா இருந்தா இந்நேரம் ஏறியிருக்கும்."

செல்வண்ணன் ஏணியைப் பிடித்தார். யூசுஃப் அண்ணன் ஒவ்வொரு படியாகக் காலால் தடவிப் பார்த்து ஏறினார். "இன்னும் கொஞ்சம் ரோட்டுப் பக்கமா திருப்புங்க அண்ணா" என்று கீழே நின்று நான் சொன்னேன். டின்னில் எழுதியிருந்தபடி என்னிடம் காட்டித்தான் மாட்டினார். இரண்டு போல்ட்டு முடுக்கியதும் புதர் இருட்டுக்குள் போனது.

வெள்ளை விளக்கு வேண்டாம் என்று சங்கம் அங்கேயே நின்று முடிவு செய்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

அக்காவின் டெஸ்டரை யூசுஃப் அண்ணன் என்னிடம் கொடுத்தார். குளவி மண் நிறைந்த ஸ்வீட் பெட்டியும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறு. விதியை எழுதியது நான், எனக்குக் கஷ்டமான நாளில் அதைக் காப்பாற்றியது அவர். மின்மினிக்காக ஒரு பொய் சொல்லலாம் என்று நான் நினைத்த காலையில், மின்மினிக்காகவே உண்மையைச் சொல்ல ஷட்டரை இறக்கிவிட்டு நடந்தார். அந்த நடையை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாவது கம்பத்துக்கு நோட்டில் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். மூடி மாட்டிய அன்று பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். அதற்கு அடுத்த இரண்டு நாளும் பூஜ்யம். ஆசைப்பட்டதை எழுதவில்லை.

நேற்று மாலை, ஒன்று. வளைவுக்குக் கீழே, நத்தைகள் இருக்கும் ஈரமான புல்லில். பார்த்தேன் அக்கா.